பிழையின்றி இணைந்தது

கிள்ளானை அடுத்த மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலை. அங்கே தரச்சோதனைப் பிரிவின் சூப்பர்வைசராக இருந்த ஒரு பெண் அந்தப் பதவியை இழந்தார். நான் எழுதிய நாற்பத்தோரு வரி ஷெல் ஸ்கிரிப்ட்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டால் மனசுக்குக் கொஞ்சம் இலேசாக இருக்கிறது. ஆனால் ஸ்கிரிப்ட் தன்னைத்தானே எழுதிக்கொள்ளவில்லை. மேனேஜருக்கு எதிரே உட்கார்ந்து ‘எல்லாம் சரி’ என்று சொன்னதும் ஸ்கிரிப்ட் இல்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தொண்ணூறுகள் பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நான் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்து எட்டு மாதம். தலைநகரில், பிரிக்பீல்ட்சில் ஒரு கடைவரிசையின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே பார்வையற்றவர்கள் நடத்திய உடம்பு பிடிக்கும் கடை. மேலே முதலாளியோடு சேர்த்து நாங்கள் நான்கு பேர். முதலாளி யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளை. அண்ணன் தம்பி எல்லாரும் டாக்டர், வக்கீல் என்று போய்விட, இவர் மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் வந்துவிட்டார். எங்கள் வேலை, ஒரு கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருளை வேறு வகைக் கம்ப்யூட்டரில் ஓட வைப்பது. வாடிக்கையாளர்களிடம் முதலாளி அதை வீடு மாறுவது என்பார். சாமானெல்லாம் அதே, வீடுதான் புதுசு. புது வீட்டில் ஒரு பிளக் பாயின்ட்கூட பழைய இடத்தில் இருக்காது என்பதைச் சொல்ல மாட்டார்.

அந்தப் பிளக் பாயின்ட்தான் எனக்குப் பிடித்த இடம்.

கையுறைத் தொழிற்சாலையின் பழைய கம்ப்யூட்டரில் பத்துப் பன்னிரண்டு நிரல்கள் இருந்தன. எல்லா நிரலுக்கும் பொதுவான சின்னச் சின்னச் செயற்கூறுகளை ஒரு மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள். அதுதான் லைப்ரரி. பழைய முறையில் ஒவ்வொரு நிரலும் அந்த மூட்டையிலிருந்து தனக்கென ஒரு பிரதியை விழுங்கிக்கொள்ளும். புதுக் கம்ப்யூட்டரில் அப்படி வேண்டியதில்லை. மூட்டை ஒன்றே ஒன்று நினைவகத்தில் இருக்கும், எல்லா நிரல்களும் ஓடும்போது அதைப் பகிர்ந்துகொள்ளும். முதன்முதலாக இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஆனால் அந்தப் பகிர்வு லைப்ரரியைக் கட்டுகிற கட்டளை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு கம்ப்யூட்டரில் கட்டளையோடு சேர்த்தால் சரியாக வேலை செய்யும் குறியை அடுத்ததில் கொடுத்தால் முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பும். அதனால் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். கையால் தட்ட வேண்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி ஒரே மூச்சில் ஓட விடுவதுதான் ஸ்கிரிப்ட். என்னுடையது முதலில் ‘நீ யார்?’ என்று கம்ப்யூட்டரைக் கேட்கும். பதிலைப் பார்த்து, அதற்கேற்ற குறிகளைப் போட்டு, லைப்ரரியைக் கட்டும். கடைசியில் ‘பிழையின்றி இணைந்தது’ என்று திரையில் ஆங்கிலத்தில் எழுதும்.

அதுவரை செய்ததில் தப்பு எதுவும் இல்லை.

ஓட விட்டபோது, இணைப்பைச் செய்யும் லிங்க்கர் பதினேழு பெயர்களைப் பட்டியல் போட்டு ‘இவை எங்கே?’ என்று கேட்டது. தொழிற்சாலை தன் நிரல்களைப் பதிந்து தந்த டேப்பில் அந்தப் பதினேழு செயற்கூறுகளும் இல்லை. அவற்றை எழுதியவர் வேலையை விட்டு ஆஸ்திரேலியா போய்விட்டாராம். வேறொரு டேப்பில் இருக்கலாம், அலமாரியைத் தேடிப் பார்த்து அனுப்புகிறோம் என்றார்கள். வெள்ளிக்கிழமை வாடிக்கையாளருக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். அன்று திங்கள். எனக்குக் காத்திருக்கத் தெரியாது. ஸ்கிரிப்டில் ஆறு வரி சேர்த்தேன். லிங்க்கர் குறை சொல்லும் பெயர்களை அந்த ஆறு வரி பொறுக்கி எடுக்கும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு டம்மி செயற்கூறை எழுதும். அதையும் மூட்டைக்குள் கட்டிவிடும். டம்மி எதையும் செய்யாது. யார் என்ன கேட்டாலும் பூஜ்யம் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு முன் எழுதி முடித்தேன். லிங்க்கர் வாயைத் திறக்கவில்லை. நானே என் முதுகைத் தட்டிக்கொள்ளாத குறை.

புதன்கிழமை இன்னொரு டேப் வந்தது. அதில் பதினாறு இருந்தன. பதினாறு டம்மிகளையும் எடுத்துவிட்டு நிஜத்தை வைத்தேன். பதினேழாவது எங்கேயும் இல்லை. திங்கட்கிழமை கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன்.

வெள்ளிக்கிழமை ஓட்டிக் காட்டியது பிரமாதமாக முடிந்தது. அந்தத் திங்கட்கிழமை ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலை வேலை வந்தது, அதைவிடப் புதிய கம்ப்யூட்டரோடு. நான் அங்கே ஓடினேன். பதினேழாவதை மறந்தே போனேன்.

தரச்சோதனைப் பிரிவின் சூப்பர்வைசரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். முப்பத்தைந்து வயது இருக்கும். பதினெட்டு வயதில் பேக்கிங்கில் நீலத் தொப்பியோடு சேர்ந்து, பதினாறு வருஷம் கழித்து சூப்பர்வைசரின் மஞ்சள் தொப்பிக்கு வந்தவர். அந்தத் தொழிற்சாலையில் மஞ்சள் தொப்பி போட்ட தமிழ்ப் பெண் அவர் ஒருவர்தான். அதை அவர் சொல்லமாட்டார், அவருக்குக் கீழே வேலை செய்த பெண்கள் சொல்வார்கள். சோதனையைக் காட்டித் தந்ததும் அவர்தான். கையுறையைக் கொக்கியில் மாட்டி ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுவார்கள். இரண்டு நிமிஷம் பார்ப்பார்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு கசிந்தாலும் அது ஓட்டை. ஒவ்வொரு லாட்டிலிருந்தும், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியிலிருந்தும், இத்தனை எடுத்து, அதில் இத்தனைக்கு மேல் ஓட்டை இருந்தால் மொத்த லாட்டும் ரிஜெக்ட். பழைய கம்ப்யூட்டர் ஆபீஸில் மட்டும் இருந்ததால், இங்கே அந்தக் கணக்கெல்லாம் முன்பு சுவரில் ஒரு பெரிய அட்டையில் ஒட்டியிருந்தது. இப்போது எண்களைத் தட்டினால் நிரலே கணக்குப் பார்த்து ‘தேறியது’ அல்லது ‘தேறவில்லை’ என்று சீட்டு அடிக்கும், அக்கா கையெழுத்துப் போடுவார். சுவரிலிருந்த அட்டையைக் கழற்றலாம் என்று யோசனை சொன்னவன் நான்.

நிரலைப் போட்டுக்கொடுத்த அடுத்த வாரம், பிரின்டர் காகிதம் சிக்குகிறது என்று கூப்பிட்டதால் போனேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“பசியாறிட்டியா தம்பி?”

“ஆச்சு அக்கா.”

“உன் மெசினு ரொம்ப நல்லவனா இருக்கான் லா. பெரிய லாட்டுல யாரையுமே பெயிலாக்க மாட்டேங்கறான்.”

“உங்க கையுற நல்லாயிடுச்சுக்கா, அதான்.”

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான்கு நாள் கழித்து அலுவலகத்துக்குப் போன் செய்தார். சின்ன லாட் தேறாமல் போகிறது, கண்டெய்னரில் போகிற பெரிய லாட் ஒன்றுகூட தேறாமல் போகவில்லை, கொஞ்சம் பார்க்கிறாயா என்றார். பார்க்கிறேன் என்றேன். முதலாளி எதிர்மேசையிலிருந்து “எனி ப்ராப்ளம்?” என்று கேட்டார். “யூசர் பழகலை, அவ்வளவுதான்” என்றேன். பார்க்கவில்லை.

மூன்றாவது முறை அவர் கழற்றி வைத்திருந்த அட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். நான் பயிற்சி கொடுக்க மேருவுக்குப் போயிருந்தேன். மேசையில் அட்டையை விரித்து ஒரு விரலை வைத்தார்.

“இந்தா பாரு. இந்த லாட்டுல பதினஞ்சு ஓட்ட. அட்டைப்படி இது பெயில். உன் சீட்டு பாஸுங்குது. நான் எதுல சைன் பண்றது?”

“அது பழைய அட்ட அக்கா. கம்ப்யூட்டர்ல இருக்கறது புதுக் கணக்கு.”

“புதுசா? எனக்கு யாரும் சொல்லலியே.”

“மேல மாத்தியிருப்பாங்க. நீங்க சைன் பண்ணுங்க, ஒண்ணும் ஆவாது.”

அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரும் எந்தக் கணக்கையும் மாற்றவில்லை. அப்படி நான் கேள்விப்பட்டதும் இல்லை. ஒரு படித்த பையன் தெரியாது என்று சொல்லக்கூடாது, அதுவும் அத்தனை பெண்களுக்கு நடுவில். அவ்வளவுதான் என் எண்ணம். அக்கா அட்டையைச் சுருட்டினார், பேனாவை எடுத்தார், கையெழுத்துப் போட்டார்.

ஐந்து வாரம் கழித்து ஒரு கண்டெய்னர் திரும்பி வந்தது. உள்ளே இருந்ததில் ஓட்டை அதிகம்.

மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். முதலாளி என்னைத் தனியாக அனுப்பினார்: “நீதானே செய்தாய், நீயே போய் எக்ஸ்ப்ளெயின் பண்ணு.” மேனேஜர் சீனர். என்னோடு ஆங்கிலம், அக்காவோடு மலாய். மேசையில் அக்கா கையெழுத்திட்ட சீட்டுகள் பரப்பியிருந்தன. ஓட்டையின் எண்ணிக்கை சீட்டிலேயே இருக்கிறதே, பதினாறு வருஷ அனுபவம் இருந்தும் எப்படிக் கையெழுத்துப் போட்டாய் என்பது அவர் கேள்வி. அக்கா, கம்ப்யூட்டர் தேறியது என்று சொன்னது என்றார். மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

“யூ ஷுவர், ஆ? கம்ப்யூட்டர் நோ ப்ராப்ளம்?”

“ஷுவர், பாஸ். லிங்க் பண்ணும்போது ஒரு எரர்கூட இல்ல. உங்க முன்னாடிதான் டெஸ்ட் பண்ணோம்.” இதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. வெள்ளிக்கிழமை அவர் முன்னால் சோதித்தவை எல்லாம் சின்ன லாட்டுகள்.

அக்கா என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார். “தம்பி, நான் சொன்னேன்ல? அட்டையக் கொண்டாந்து காட்டினேன்ல?”

மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. “வாட் ஷி ஸே?” என்றார்.

அந்த அறையில் இரண்டு பக்கமும் புரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்தேன். “ஷி இஸ் அப்செட், பாஸ்” என்றேன்.

அக்காவுக்கு அந்த ஆங்கிலம் புரிந்தது. அதற்குப் பிறகு அவர் மலாயிலும் எதுவும் சொல்லவில்லை.

பஸ்ஸில் கிள்ளானுக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அந்த அட்டைதான் கண்ணுக்குள் நின்றது. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் பையைக்கூட கீழே வைக்காமல் ஸ்கிரிப்டைத் திறந்தேன். ஐந்து நிமிஷம் பிடித்தது. பதினேழாவது செயற்கூறு, பெரிய லாட்டில் ஓட்டைகள் வரம்பை எத்தனையால் தாண்டுகின்றன என்று கணக்கிட வேண்டியது. என் டம்மி எல்லாப் பெரிய லாட்டுக்கும் பூஜ்யம் என்றது. பூஜ்யம் என்றால் தாண்டவில்லை. தாண்டவில்லை என்றால் தேறியது. அந்த ஆறு வரியை நான் சேர்க்காமல் இருந்திருந்தால், இணைக்க மாட்டேன் என்று லிங்க்கர் அன்றே அடம்பிடித்திருக்கும். சொல்ல வந்ததன் வாயை அடைத்தது நான். அக்கா சொல்ல வந்தபோதும் அதையேதான் செய்தேன்.

அன்று வியாழக்கிழமை. அக்காவைப் பற்றிய முடிவு திங்கட்கிழமை என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஒரு போன் போதும். முதலாளி பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

நான் உட்கார்ந்து அந்தச் செயற்கூறை எழுதினேன். இருபது வரி. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக எதையும் எழுதியதில்லை. ஸ்கிரிப்டிலிருந்து அந்த ஆறு வரியையும் அழித்தேன்.

திங்கட்கிழமை அக்காவின் கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தை வைத்து, அவரை பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை நான் போய், ‘சின்ன அப்டேட்’ என்று சொல்லிப் புது லைப்ரரியை வைத்தேன். புதன்கிழமை முதல் பெரிய லாட்டுகள் ஒழுங்காக ரிஜெக்ட் ஆகத் தொடங்கின. அந்த வாரம்தான் புது சூப்பர்வைசரும் மஞ்சள் தொப்பி போட்டிருந்தார். மேனேஜர் என் தோளைத் தட்டி, பார்த்தாயா, ஆளை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்றார். நான் யோசிக்காத விஷயம் இது. நான் சரி செய்ததே அக்காவுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அந்த இடத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். தலையாட்டினேன்.

ஏழு வாரம் அப்படியே போனது. வேலையாகப் போகும்போது பேக்கிங் பிரிவைச் சுற்றிக்கொண்டு போவேன். கண்ணாடிச் சுவர் வழியே நீலத் தொப்பிகள் தெரியும், எது அவருடையது என்று தேடமாட்டேன்.

ஒருநாள் மூன்று மணி ஷிப்ட் முடிகிற நேரம். கிள்ளான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தது அக்கா. இடம் வேறு எங்கும் இல்லாமல் இல்லை.

“தம்பி, ஒண்ணு கேக்கவா?”

“கேளுங்கக்கா.”

“இப்ப பெரிய லாட்டு பெயிலாவுதாமே. நான் பிள்ளைங்ககிட்ட கேட்டேன், எந்த நாள்லேருந்துன்னு. புதன்கெழமலேருந்துங்குதுங்க. நீ வந்துட்டுப் போன மறுநாளு.”

நான் கண்டக்டரிடம் சில்லறையை நீட்டினேன்.

“புது ஆளு திங்கக்கெழமையே வந்தாச்சு. திங்க, செவ்வா ரெண்டு நாளும் பெரிய லாட்டு பாஸுதான் ஆயிருக்கு. அப்ப அந்தம்மாவாலயும் இல்ல, என்னாலயும் இல்ல. செவ்வாக்கெழம நீ என்னா பண்ண?”

சொன்னேன். பதினேழு, பதினாறு, டம்மி, பூஜ்யம், எல்லாவற்றையும். தமிழில் சொல்லும்போது எல்லாம் ரொம்பச் சின்ன விஷயமாகத் தெரிந்தது. காலி டப்பாவை வைத்து மூடி போட்டேன் என்கிற மாதிரி. அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கத்துவார் என்று நினைத்தேன்.

“மெசினு தப்புப் பண்ணும். பரவால்ல. நீ சிரிச்ச பாரு, பிள்ளைங்க முன்னால.”

“அக்கா, மன்னிச்சு...”

“அதெல்லாம் வேணாம். எழுதிக் குடு.”

“நாளைக்கு ஆபீஸ்ல டைப் பண்ணி...”

“நாளைக்குன்னா நீ எழுதமாட்ட. நீ எப்பவும் பாக்கறேன்னு சொல்ற ஆளு. இப்பவே எழுது.”

கிள்ளானில் இறங்கியதும் ஒரு எழுதுபொருள் கடையில் அவரே நீளத் தாள் நான்கு வாங்கினார். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். நான் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். பகிர்வு லைப்ரரி, விடுபட்ட செயற்கூறு, வெவ்வேறு கம்ப்யூட்டர்களின் இணைப்பு முறைகளில் உள்ள வேறுபாடு. நன்றாகவே வந்தது, எனக்கே திருப்தியாக இருந்தது. அக்கா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பிறகு தாளை என் பக்கம் தள்ளினார்.

“இதுல நான் எங்க இருக்கேன்?”

“இல்லக்கா, இது டெக்னிக்கலா...”

“நான் மூணு தடவ சொன்னேன். மொதத் தடவ நீ பிரின்டருக்கு வந்தப்ப. ரெண்டாவது போன்ல. மூணாவது அட்டையோட. அத எழுது. நீ என்ன பதில் சொன்னியோ அதையும் எழுது. ரூமுல அவரு கேட்டப்ப நான் சொன்னத என்னான்னு மாத்திச் சொன்ன? அதையும்.”

இரண்டாவது தாளை எடுத்தேன். பழைய அட்டை என்று நான் சொன்ன பொய்யை எழுதும்போது கை நின்றது. அக்கா தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு காத்திருந்தார். ‘அவர் வருத்தத்தில் இருக்கிறார் என்று மட்டும் மொழிபெயர்த்தேன்’ என்ற வரியை எழுத அதைவிட அதிக நேரம் பிடித்தது. முடித்ததும் கையெழுத்துக்குக் கீழே அடையாள அட்டை எண்ணையும் எழுதச் சொன்னார். இரண்டு நகல் எடுத்து ஒன்றை எனக்குத் தந்தார்.

மறுநாள் காலை முதலாளியிடம் நகலைக் காட்டினேன். படித்து முடித்துத் தாளை மேசையில் வைத்தார். “அந்த வியாழக்கிழமையே சொல்லியிருந்தால் நானே உன்னோடு வந்திருப்பேன்” என்றார். அதுதான் உண்மை என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. எனக்கு அது அன்றுதான் தோன்றியது, ஏழு வாரம் தோன்றவில்லை.

மேருவுக்கு நான் தனியாகத்தான் போனேன். அக்கா பேக்கிங்கிலிருந்து நேராக வந்து கடிதத்தை மேனேஜரிடம் கொடுத்தார். அவர் இரண்டு முறை படித்தார். “ஒய் நௌ?” என்று கேட்டார். பிறகு அக்காவிடம் மலாயில் வருத்தம் தெரிவித்தார். கோப்பிலிருந்து அந்த எச்சரிக்கைக் கடிதத்தை எடுத்து அவர் முன்னாலேயே கிழித்தார். அக்கா பதவியைப் பற்றிக் கேட்டபோது, புது ஆளை நிரந்தரமாக்கிவிட்டோம், இன்னொரு இடம் காலியானால் முதலில் உன்னைத்தான் கூப்பிடுவேன் என்றார்.

“போலே” என்றார் அக்கா. சரி என்று அர்த்தம். சரி என்று சொல்கிற குரல் இல்லை அது. பதவி ஒரு பக்கம் போனது, காகிதம் ஒரு பக்கம் கிழிந்தது. அவருக்குத் திரும்பக் கிடைத்தது காகிதத்தில் கெட்டிருந்த பெயர் மட்டும். நீலத் தொப்பியைச் சரி செய்துகொண்டு, என்னைப் பார்க்காமல், வரிசைக்குத் திரும்பினார். பெல் அடித்துவிட்டிருந்தது.

அந்தத் தொழிற்சாலை வேலையிலிருந்து முதலாளி என்னை எடுத்துவிட்டார். ஒரு வருஷத்தில் நானும் வேறு கம்பெனிக்கு மாறினேன். இடம் காலியானதா, அவரைக் கூப்பிட்டார்களா, எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், மேருவுக்குப் பஸ் இப்போதும் ஓடுகிறது. கூப்பிடவில்லை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்கிற பயத்தில் நான் இன்னும் போகாமல் இருக்கிறேன்.